அவசரம் இல்லாதவன்

சம்பங்கியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த போலீஸ்காரர் கந்தனுக்கு வழக்கின் முடிவு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"இவன் அப்பனையும் இப்பிடித்தான் விலங்கு மாட்டி இட்டுக்குனு போனாங்களாம் மேடம். எங்க மாமா அப்ப பேரிகை ஸ்டேஷன்ல ஏட்டு. அந்தாளும் இதே மாதிரிதான், வாயத் தொறக்கமாட்டானாம். ரத்தம் மேடம். அது எங்க போவும்?"

மனநல மருத்துவர் ரேவதி விலங்கைக் கழற்றச் சொன்னாள். கந்தன் கழற்றிக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலுக்கு வெளியே உட்கார்ந்தார். கதவை மட்டும் முழுதாக மூட விடவில்லை.

சம்பங்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். முப்பதைத் தொடாத வயது. வெகுநேரம் நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்காரும்போது வரும் ஒரு கூச்சம் அவன் உடம்பில் இருந்தது. ரேவதி அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுக்கு மௌனம் ஒரு வேலைக் கருவி. சும்மா இருந்தால் பெரும்பாலானவர்கள் தாங்க முடியாமல் எதையாவது பேசத் தொடங்குவார்கள். இவன் தொடங்கவில்லை. மின்விசிறியின் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் பிரேக் தகடு அடிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சம்பங்கி தகடு வெட்டும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். ஒருநாள் மாலை ஷிப்ட்டில், கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. சரிசெய்யாமல் ஓட்டமாட்டேன் என்றான். சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "உங்கப்பா ஆளையே வெட்டினவராமே. நீ என்னடா தகடு வெட்டவே பயப்படற?" வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சம்பங்கி ஒன்றும் சொல்லாமல் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தான். திரும்பி வந்தான். கருவிப் பலகையிலிருந்து ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து ஹரீஷ்குமாரின் தலையில் அடித்தான். பிறகு ஸ்பேனரைத் துடைத்து, பலகையில் அதன் உருவம் வரைந்திருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஹரீஷ்குமார் பிழைத்துவிட்டான். பெங்களூரில் மண்டையைத் திறந்து அறுவை செய்தார்கள். இடது கை இன்னும் சரியாக எழவில்லை.

நீதிமன்றம் ரேவதியிடம் கேட்டது இதைத்தான்: அடித்த நேரத்தில் இவனுக்கு மனநோய் இருந்ததா, இப்போது விசாரணையைப் புரிந்துகொள்வானா, வெளியே விட்டால் மறுபடி யாரையாவது அடிப்பானா.

"ஹரீஷ்குமாரை அடிக்கணும்னு எப்ப தோணிச்சு?"

"தோணலீங்க."

"டீ குடிக்கப் போனீங்களே, அப்ப?"

அவன் யோசித்தான். "அப்பவும் இல்லீங்க. அவன அடிக்கிற அவசரம் எனக்கு இல்ல."

ரேவதியின் பேனா நின்றது. ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் ரஞ்சிதாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவசரம் இல்லையா?"

"இல்லீங்க." எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஏன் திரும்பக் கேட்கிறார்கள் என்பதுபோல் அவன் பார்த்தான். "எனக்கு இன்னா அவசரம்?"

அவன் பேசிய அத்தனையிலும் தெளிவாக இருந்தது அந்த வாக்கியம்தான். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவனைக் கந்தன் கூட்டிப்போன பிறகு ரஞ்சிதா சொன்னாள்: "கேட்டீங்களா மேடம்? ஏதோ அடுத்த பஸ்ல போய்க்கலாம்னு சொல்றவன் மாதிரி சொல்றான்."

ரேவதி தென்காசிப் பக்கத்துக்காரி. இங்கே மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழில் பேச ஆரம்பிக்கிற நோயாளி, வலியைச் சொல்லும்போது கன்னடத்துக்குப் போவார். கூட வந்தவரைத் திட்டும்போது தெலுங்குக்குப் போவார். கன்னடம் என்றால் ரஞ்சிதா இருந்தாள். அவள் வீட்டுப் பாஷை அது. தெலுங்கும் கேட்டால் புரியும் என்பாள். சம்பங்கி தமிழிலேயே பேசியதால் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை குவார்ட்டர்ஸில் அவள் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தனியாக இருப்பவள். இருட்டும்வரை படிப்பதும், இருட்டிய பிறகு படித்ததை நினைத்துக்கொண்டு இருப்பதும் அவள் பழக்கம்.

குற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அவள் நிறையப் படித்திருந்தாள். ஒரு காலத்தில் கைதிகளின் மண்டையையும் தாடையையும் அளந்தார்கள். பிறகு இரட்டைப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். ஜெயிலுக்குப் போனவனின் பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்தால் என்ன ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். இப்போது மூளையைப் படம் எடுக்கிறார்கள். எந்தக் காலத்திலும் கையில் இருந்த கருவி எதைக் காட்டுமோ அங்கேதான் குற்றம் கிடைத்தது. மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுத்த நாட்களில் இதைக் கொஞ்சம் கிண்டலாகவே சொல்லியிருக்கிறாள்.

ஆனாலும் இந்தப் பையனின் வழக்கு அவளை இழுத்தது. அவன் அப்பன் நாராயணப்பன், வாய்க்கால் தகராறில் பங்காளி ஒருவரை மண்வெட்டியால் தலையில் வெட்டிக் கொன்றவர். சம்பங்கி கைக்குழந்தையாக இருக்கும்போதே ஜெயிலுக்குப் போய், அங்கேயே செத்தவர். மகனுக்கு அப்பனின் முகமே நினைவில்லை. அவர் கோபத்தைப் பார்த்ததில்லை. அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அப்படியிருந்தும் அதே மௌனம், கையில் கிடைத்த இரும்பு, அதே தலை. பாடப்புத்தகத்தில் வைக்கலாம். அடுத்த மாநாட்டில் ஒரு கட்டுரையாக வாசிக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தலைப்பையும் யோசித்துவிட்டாள்.

மறுநாள் சம்பங்கியின் வக்கீல் தங்கதுரை வந்தார். கையோடு மூளை மின்னலைப் பரிசோதனையின் நகல் வைத்திருந்தார்.

"மேடம், ஈ.ஈ.ஜி.ல ஏதோ மலை மாதிரி தெரியுதாமே?"

"மலை இல்ல சார். சின்ன மேடு. நோயில்லாத எத்தனையோ பேருக்கு இருக்கும். எனக்கு இருக்கலாம், உங்களுக்கு இருக்கலாம்."

"எனக்கு இருந்தா எங்க வூட்டுக்காரி எப்பவோ கோர்ட்ல மனு போட்டிருப்பா." அவரே சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். "அந்த மேட்ட மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணி எழுதுங்க. வலிப்பு மாதிரி என்னமோ வந்துது, கை தானா தூக்குச்சுன்னு மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"தானா தூக்கின கை, ஸ்பேனரைத் தொடைச்சு எடுத்த இடத்துல மாட்டியிருக்காது சார்."

தங்கதுரை நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"சரி, அது வேணாம். வியாழக்கிழம ஜாமீன் மனு வருது. அரசு வக்கீல் அப்பன் கேஸயும் தோண்டி எடுத்துக்குனு வந்திருக்காரு. இவன் வம்சமே இப்பிடின்னு சொல்லப்போறாரு. உங்க ரிப்போர்ட்ல, பிளான் பண்ணித்தான் அடிச்சான்ற மாதிரி ஒரு வரி இருந்தா போதும். ஜாமீன் கெடையாது. கேஸ் முடியற வரைக்கும் உள்ளதான். இங்க கேஸ் எப்ப முடியும்? அவங்கம்மா ஒண்டியாளு. அந்த வரி மட்டும் வேணாம், அவ்ளோதான் மேடம், நான் வேற எதுவும் கேக்கல."

அவர் போன பிறகு ரேவதி அறிக்கையை எழுத ஆரம்பித்தாள். மனநோய் இல்லை. விசாரணைக்குத் தகுதி உண்டு. இந்த இரண்டிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கடைசிக் கேள்வியில்தான் அந்த வாக்கியம் வந்தது. 'அடிப்பதற்குத் தனக்கு அவசரம் இருக்கவில்லை என்று இவரே கூறுகிறார். தகுந்த தருணத்துக்காகக் காத்திருந்ததாகக் கருத இடமிருக்கிறது. வருத்தம் வெளிப்படவில்லை. தந்தைவழியில் கடும் வன்முறை வரலாறு உள்ளது. மீண்டும் தாக்கக்கூடிய வாய்ப்பைப் புறக்கணிக்க முடியாது.'

படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. அவன் சிறுவயதைப் பற்றி அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று வைத்துவிட்டாள்.

அம்மா வெங்கடம்மாள் செவ்வாய்க்கிழமை வந்தாள். பேரிகையிலிருந்து சூளகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. தக்காளிச் செடியின் பச்சைக் கறை விரல்களில் கறுத்துப் போயிருந்தது. உட்காரச் சொன்னதும், மேஜையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல வலிப்பு ஏதாவது வந்திருக்காம்மா?"

"இல்ல."

"தலையில அடி?"

"எந்தப் புள்ளைக்குத்தான் படல."

"நாய், பூனை இதுகளையெல்லாம் அடிச்சுத் துன்பப்படுத்துவாரா?"

"நாயிதான் அவனக் கடிச்சுது. அவன் நாயக் கடிக்கல."

வாசலில் ரஞ்சிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரேவதி வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். தீ வைத்ததுண்டா, திருடியதுண்டா, பள்ளிக்கூடத்தில் சண்டை உண்டா. அப்போதுதான் வெங்கடம்மாள் கொஞ்சம் நீளமாகப் பேசினாள்.

"ஊர்ல அவனச் சம்பங்கின்னு யாரும் கூப்புடமாட்டாங்கம்மா. நாராயணப்பன் மகன்தான். ஸ்கூல்ல எவன் பென்சிலாவது காணோம்னா இவன் பையத்தான் மொதல்ல கொட்டுவாங்க. கிரிக்கெட்டு ஆடுனா இவனுக்கு அவுட்டு குடுக்கமாட்டாங்க. எதுக்குன்னா பயமாம். மூஞ்சிக்கு நேரா பயம், முதுகுக்குப் பின்னால சிரிப்பு. இவன் கோவப்பட்டா அப்பன் புத்தின்வாங்க. கோவப்படாம சும்மா நின்னா, அப்பனும் வெட்டறதுக்கு முந்தி இப்பிடித்தான் சும்மா நின்னான்வாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

ரேவதி எழுதுவதை நிறுத்தினாள். அப்பனைப் பார்க்காமல் வளர்ந்தவன் என்று இந்தப் பிள்ளையைப் பற்றி அவள் நினைத்துவைத்திருந்தாள். ஊர் முழுக்கச் சேர்ந்து தினமும் அவனுக்கு அப்பனைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ரத்தம் எது, ஊர் எது என்று இதில் எந்தக் கருவியை வைத்துப் பிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டுரையின் தலைப்பு நினைவுக்கு வந்தது. சங்கடமாக இருந்தது.

அந்தச் சங்கடத்தில்தான் ஸ்கேன் பேச்சை எடுத்தாள்.

"எதுக்கும் மூளைக்கு ஒரு ஸ்கேன் எழுதுதேன். பெங்களூர்ல எடுக்கணும். வக்கீலை விட்டு நாளைக்கே கோர்ட்ல அனுமதி கேக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் அவசரம் இல்லீங்கம்மா."

"என்னம்மா சொல்லுதீங்க? வியாழக்கிழமை ஜாமீன் மனு. பிள்ளை ஜெயில்ல கெடக்கான். அவசரம் இல்லையா?"

"இல்லீங்கம்மா. எனக்கு என்னாத்துக்கு அவசரம்? உங்களுக்கு அவசரம்னா எடுங்க."

"எனக்கு என்ன அவசரம்? உங்க பிள்ளைதானே!"

"அதாம்மா நானும் சொல்றேன். எனக்கும் அவசரம் இல்ல, உங்களுக்கும் அவசரம் இல்ல. அப்பறம் யாருக்கு எடுக்கறது?"

"நீங்க பேசுதது உங்களுக்கே நல்லாருக்கா? பெத்த தாயி பேசுத பேச்சா இது?"

வெங்கடம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ் போதாமல், டீ டம்ளர்களோடு வாசலில் நின்ற ரஞ்சிதாவின் பக்கம் திரும்பினாள். "ஏமம்மா, ஆமெக்கி அவசரம் உண்டே தீஸ்கோமனு. நாக்கு அவசரம் லேது!"

ரஞ்சிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

"மேடம், கோவம் வந்தா நீங்க தென்காசிக்குப் போயிடறீங்க, அவங்க தெலுங்குக்குப் போயிடறாங்க. அவங்க அவசரம்னு சொல்றது தேவைய. உங்களுக்குத் தேவன்னா எடுத்துக்குங்க, அவங்களுக்குத் தேவ இல்லன்றாங்க. தெலுங்குல அவசரம்னா தேவைதான்."

"நெசமாவா?"

"ஆமா மேடம். எங்க கன்னடத்துல அவசரம்னா உங்க அவசரமேதான். அதான் நானும்…"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்துவிட்டது என்று ரேவதிக்குத் தெரிந்தது.

மேஜையில் டீ ஆடை கட்டத் தொடங்கியது. அந்த அறையில் ரேவதி எத்தனையோ மௌனங்களை ஏற்படுத்தியிருக்கிறாள். இது அவள் ஏற்படுத்தியது அல்ல. 'அவன அடிக்கிற அவசரம் எனக்கு இல்ல.' அவனை அடிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. 'எனக்கு இன்னா அவசரம்?' எனக்கு அதில் என்ன இருக்கிறது? அவள் அவசரம் இல்லையா என்று திருப்பிக் கேட்டபோது அவன் ஏன் அப்படிப் பார்த்தான் என்பது இப்போது புரிந்தது.

"உங்க மகனும் இப்படித்தான் பேசுவாராம்மா?"

"வேற எப்பிடிப் பேசணும்?" என்றாள் வெங்கடம்மாள், இன்னும் கோபம் தணியாமல்.

புதன்கிழமை அவனைக் கூட்டிவரக் காவலுக்கு ஆள் இல்லை என்று சிறையில் சொன்னார்கள். ரேவதியே அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போனாள். பார்வையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள்.

தேவை என்ற சொல்லை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுத்தால் ஆமாம் என்றுதான் சொல்வான். "அன்னைக்கு அவசரம் இல்லன்னு சொன்னீங்களே. அதையே வேற மாதிரி சொல்லுங்க பாப்போம்."

சம்பங்கி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவன அடிச்சா எனக்கு இன்னா வரப்போவுது மேடம்? ஒண்ணியும் இல்ல. சென்சார் சரியாவப் போவுதா? பொறுத்துக்குனு போயிருக்கலாம். போனேன்தான. டீ குடிச்சேன்தான."

"திரும்பி வந்தப்ப என்ன நடந்தது? மறுபடியும் சிரிச்சாரா?"

"இல்லீங்க."

"பின்ன?"

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள், யாரோ ஓடினார்கள்.

"யாரும் சிரிக்கல. அவங்கவங்க மெஷின்ல அவங்கவங்க வேலயப் பாத்துக்குனு இருந்தாங்க. அவனும் போன்ல என்னமோ பாத்துக்குனு நின்னான். என்னப் பாத்து, வந்துட்டியா, ஏறுன்னான். சாதாரணமா. அவனுக்கு மறந்தே போச்சு மேடம். எல்லாருக்கும் மறந்து போச்சு. எனக்குத்தான் மறக்கல."

"அப்புறம்?"

"அப்பறம் அடிச்சுட்டேன்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். "ஸ்பேனரை ஏன் திரும்ப மாட்டினீங்க?"

"மாட்டலன்னா அடுத்த ஷிப்ட்டுக்காரன் தேடுவான்."

அவள் எழுந்திருக்கும்போது அவன் கேட்டான்: "எங்கப்பன் ரத்தம்ன்றாங்களே மேடம். அது நெசந்தானே?"

படித்ததையெல்லாம் சொல்லலாம். பரம்பரைக்கு ஒரு பங்கு இருக்கலாம், எவ்வளவு என்று தனி ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று விளக்கலாம். அவன் கேட்டது அதை அல்ல.

"நான் பாத்த வரைக்கும் அப்படிச் சொல்ல எங்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல, சம்பங்கி."

அவன் மெல்லத் தலையாட்டினான். ஆறுதல் அடைந்தவனைப் போலத் தெரியவில்லை.

அன்று அவள் அறிக்கையை முதலிலிருந்து எழுதினாள். மின்னலைப் பரிசோதனையில் தெரியும் மாறுதலுக்கும் இந்தச் செயலுக்கும் தொடர்பு காட்ட முடியாது. தந்தையின் குற்றத்தை வைத்து மகனைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. இதற்கு முன் இவர் யாரையும் தாக்கியதாகத் தகவல் இல்லை. இனி தாக்கவே மாட்டார் என்று உறுதி சொல்லவும் எந்த மருத்துவராலும் முடியாது. பிறகு அவசரம் என்ற சொல்லைப் பற்றி ஒரு பத்தி. அதைத் தான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டதையும் அதிலேயே எழுதினாள். எழுதாமலும் விட்டிருக்கலாம். பழைய வரைவை வேறு யாரும் பார்த்திருக்கவில்லை.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் விளக்கம் கேட்க அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்தியை நீதிபதி படித்தபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா வாய்க்குள் சிரித்தார். பின்வரிசையில் யாரோ, "எங்க மாமியாரும் இப்பிடித்தான், சாப்பாடு அவசரமில்லன்னுட்டு ஒக்காந்துக்கும்" என்றது சத்தமாகவே கேட்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

அரசு வக்கீல் எழுந்தார். "டாக்டர், நோய் இல்லன்னு சொல்றீங்க. மூளையில கோளாறும் இல்ல. பரம்பரையும் இல்ல. காத்திருந்து அடிச்சதாவும் சொல்ல முடியாதுன்றீங்க. அப்படின்னா இந்த அடிக்கு யார்தான் பொறுப்பு?"

நீதிபதி பேனாவோடு காத்திருந்தார்.

"அவமானப்பட்டிருக்காரு. கோவப்பட்டிருக்காரு. அது ரெண்டும் நோய் இல்ல. அடிச்சது அவர்தான்."

கூண்டுக்குள் சம்பங்கி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

ஜாமீன் கிடைத்தது. தொழிற்சாலைப் பக்கம் போகக்கூடாது, வாரம்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும், அடிபட்டவர் வீட்டாரைத் தொந்தரவு செய்யக்கூடாது. கொலை முயற்சியா இல்லையா என்பதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட்டு, உத்தரவு சிறைக்குப் போய், மறுநாள் வெளியே விடுவார்கள்.

தாழ்வாரத்தில் ரேவதியை மறித்து நின்றவர் ஹரீஷ்குமாரின் அண்ணன் முத்துக்குமார். தம்பி வரவில்லை. படி ஏறினால் இன்னும் தலை சுற்றுகிறதாம்.

"வார்த்தையில குத்தம் கண்டுபுடிச்சுட்டீங்க, சரிங்க டாக்டர். எந் தம்பி சட்டை பட்டனப் போடறதுக்கு அவன் பொண்டாட்டியக் கூப்புடறான். அதுக்கு எந்த பாஷையில அர்த்தம் பாக்கறதுங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூணோரமாகப் போய் நின்றுகொண்டார்.

வெளியே போலீஸ் வேனுக்குப் பக்கத்தில் வெங்கடம்மாள் நின்றிருந்தாள். ஜாமீன் கிடைத்த சந்தோஷம் அவளுக்குள் பாதிதான் இறங்கியிருந்தது.

"பைத்தியம்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா கேஸே முடிஞ்சிருக்கும்னு வக்கீல் சொல்றாரு. ஒரு வார்த்த எழுத உங்களுக்கு கை வரலியே டாக்டரம்மா."

"வுடும்மா," என்றான் சம்பங்கி. கந்தன் அவன் கையைப் பிடித்திருந்தார். வேன் கதவு திறந்திருந்தது. அவன் ஏறவில்லை. ரேவதியைப் பார்க்காமல், அவள் காலடியைப் பார்த்துப் பேசினான்.

"உள்ள எல்லாரும் தூக்கம் வரலன்னு பொலம்புவாங்க மேடம். நான் நல்லா தூங்குனேன். நான் இன்னா பண்றது, எங்கப்பன் ரத்தம்னு நெனச்சுக்குவேன். தூக்கம் வந்துரும். இனி அப்பிடி நெனச்சுக்க முடியாதே."

ரேவதி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த முறை அது கருவி அல்ல. உண்மையிலேயே அவளிடம் ஒன்றும் இல்லை.

"ஏறுப்பா, நேரமாவுது," என்றார் கந்தன். ரத்தத்தைப் பற்றி அவர் இன்று எதுவும் பேசவில்லை.

சம்பங்கி தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தான். தூணோரம் நின்ற முத்துக்குமாரைக் கண்டுகொண்டான். "ஒரு நிமிசம் அண்ணா," என்று கந்தனிடம் சொன்னவன், பதில் வருவதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டான். கையை விடாத கந்தனும் கூடவே இழுபட்டுப் போனார். "டேய், வம்பு பண்ணாத. இப்பத்தான ஜட்ஜ் சொன்னாரு, அவங்க கிட்டப் போவாதன்னு."

சம்பங்கி முத்துக்குமாரின் முன்னால் போய் நின்றான். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளிதான் இருந்தது.

"என்ன?" என்றார் முத்துக்குமார்.

"நான்தாண்ணா அடிச்சேன்."

படியில் இறங்கி வந்துகொண்டிருந்த தங்கதுரை அதைக் கேட்டுவிட்டார். "டேய், டேய்! வாய மூடுறா! கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா!" என்று கத்திக்கொண்டே கறுப்புக் கோட்டை ஒரு கையால் பிடித்தபடி ஓடி வந்தார்.

முத்துக்குமார் வக்கீலைப் பார்க்கவில்லை. சம்பங்கியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.